நீதிபதியின் நாற்காலியும் நம்முடைய வேலையும்

"கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. லயத்தில் ஒரு சண்டை வந்தாலும் சரி, சம்பளத்தில் பிடித்தம் வந்தாலும் சரி, "கோர்ட்டு கச்சேரியெல்லாம் நமக்கெதுக்கு, தலைவரைப் பாத்துப் பேசி முடிச்சிக்குவோம்" என்றே பழகிவிட்டோம். இப்படிப் பழகியதால் நாம் அடைந்த லாபம் என்ன, பட்ட நஷ்டம் என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

நம் நாட்டில் நீதித்துறையின் சுதந்திரத்துக்கென்று தனியாக ஒரு விடுமுறை நாள் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில் சட்ட ஆண்டின் தொடக்க விழா நடக்கிறது. நீதிபதிகள் அங்கி அணிந்து வரிசையாக வருவார்கள். தலைமை நீதிபதியும், சட்டத்துறைத் தலைவரும், வழக்கறிஞர் மன்றத் தலைவரும் உரையாற்றுவார்கள். நீதிமன்றம் யாருக்கும் அடிபணியக் கூடாது என்ற பேச்சு தவறாமல் அங்கே எழும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

செபராங் ஜெயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர்களோடு பேசிக் கொண்டிருந்தபோது இந்த விஷயத்தை எடுத்தேன். ஓர் அம்மா, முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், பட்டென்று கேட்டார்: "நீதிபதி சுதந்திரமா இருந்தா எனக்கென்ன தம்பி, இல்லாட்டி எனக்கென்ன? மரத்துல பால் கூடவா வடியப் போவுது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாஜிஸ்திரேட்டைக் கண்டு நடுங்கிய காலம்

பத்து காவான், கலிடோனியா, பிராய் என்று நாம் இன்று சொல்லும் இந்தப் பகுதியெல்லாம் அந்த நாளில் வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர் பெற்றிருந்தது. ரப்பர் வருவதற்கு முன்னால் இங்கே கரும்புத் தோட்டங்கள்தாம். நம் பாட்டன் பூட்டன்மார் பலர் சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்தது இந்தக் கரும்புக் கொல்லைகளுக்குத்தான்.

அன்றைய சட்டத்தில் ஒப்பந்தத்தை முறித்து வேலைக்குப் போகாமலிருப்பது வெறும் சம்பளத் தகராறல்ல, அது குற்றம். தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். ஜெயிலுக்கு அனுப்புவார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அழைத்து வரும் முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் "கோர்ட்டு என்றால் நம்மைத் தண்டிக்கிற இடம்" என்ற பயம் மட்டும் லயத்தில் தங்கிவிட்டது. தாத்தாவிடமிருந்து அப்பனுக்கு, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று அது சீதனம்போல வந்துகொண்டிருக்கிறது.

இதே பினாங்கில்தான் 1807-ல் அரச சாசனத்தின் மூலம் நீதிமன்றம் ஏற்படுத்தப்பட்டது. நாட்டின் இன்றைய நீதிமன்ற முறைக்கு அதுவே தொடக்கம் என்று சொல்வார்கள். ஜார்ஜ்டவுனில் லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றப் பக்கம் போனவர்கள் அங்கே ஒரு வெள்ளை நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு எழுப்பியது. 1869-ல் மறைந்த அவர், வெள்ளைக்காரராக இருந்தும் ஆசிய மக்களின் உரிமைக்காக வாதாடியவர். ஆட்சி நடத்துகிறவனுக்கு எதிராகவும் ஒரு கட்டடத்துக்குள் நின்று பேசலாம் என்ற வழக்கம் இந்த ஊருக்கு அன்றே வந்துவிட்டது. அந்தக் கட்டடத்துக்குள் நம்மவர்கள் நிமிர்ந்து நுழையத்தான் வெகு காலம் பிடித்தது.

படிக்கட்டு எப்படி அமைந்திருக்கிறது?

நீதிமன்றங்களின் அமைப்பை ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றம். சிறு குற்றங்களும், ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான பண வழக்குகளும் இங்கே வரும். அதற்கு அடுத்த படி செஷன்ஸ் நீதிமன்றம். பத்து லட்சம் ரிங்கிட் வரையிலான பண வழக்கும், சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்கும், பெரிய குற்ற வழக்குகளும் அங்கே விசாரிக்கப்படும். நம் பக்கத்தில் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இந்த நீதிமன்றங்கள் இருக்கின்றன.

அதற்கு மேலே உயர் நீதிமன்றம். தீபகற்பத்துக்கு ஒன்று, சபா சரவாக்குக்கு ஒன்று என்று நாட்டில் இரண்டு உயர் நீதிமன்றங்கள். பினாங்கு மக்களுக்கு அது ஜார்ஜ்டவுனில் அமர்கிறது. அதற்கு மேலே மேல்முறையீட்டு நீதிமன்றம். இது 1994-ல் ஏற்பட்டது. உச்சியில் கூட்டரசு நீதிமன்றம். இவை இரண்டும் புத்ராஜெயாவில் இருக்கின்றன. முன்பெல்லாம் கடைசி முறையீடு லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சிலுக்குப் போகும். 1985 முதல் அந்த வழக்கம் அடியோடு நின்றது. முஸ்லிம்களின் குடும்ப, சமய விவகாரங்களுக்கு ஷரியா நீதிமன்றங்கள் தனியாக உண்டு.

"அப்போ இதுவும் நம்ம தோட்டம் மாதிரிதானே? மண்டோருக்கு மேல கிராணி, கிராணிக்கு மேல துரை" என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. தோட்டத்தில் துரை கிராணியைக் கூப்பிட்டு, "இவன் பேருக்கு இன்னைக்கு அரை நாள் போடு" என்றால் கிராணி போட்டுத்தான் ஆக வேண்டும். நீதிமன்றத்தில் அப்படிக் கிடையாது. கூட்டரசு நீதிமன்றத் தலைமை நீதிபதியே ஆனாலும், புக்கிட் மெர்தாஜாம் மாஜிஸ்திரேட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த வழக்கில் இப்படித் தீர்ப்புச் சொல்" என்று கட்டளையிட முடியாது. கீழே தீர்ப்பு வந்த பிறகு, வழக்கு முறைப்படி மேலே வந்தால், இரு தரப்பையும் கேட்டு, காரணம் சொல்லி மாற்றலாம். அவ்வளவுதான். மேலிருப்பவர் திருத்தலாம், முன்கூட்டியே உத்தரவு போட முடியாது. நீதித்துறைச் சுதந்திரத்தின் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி என்ன? நீதிபதியின் வேலை யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

நீதிபதிக்கே வேலை போன வருஷம்

வேலை போவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஒரு கடிதத்தை நீட்டி, "நாளை முதல் வர வேண்டாம்" என்பார்கள். இப்படி ஒரு நிலைமை நாட்டின் தலைமை நீதிபதிக்கே வந்தது 1988-ல்.

அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்தவர் துன் சாலே அபாஸ். பிரதமர் மகாதீர். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆளுங்கட்சியான அம்னோவே சட்டவிரோதமான அமைப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அரசாங்கத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் உரசல் முற்றியிருந்தது. பிரதமர் நீதித்துறையைக் குறைகூறிப் பேசி வந்ததைப் பற்றி மார்ச் மாதத்தில் சாலே அபாஸ் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். மே மாதத்தில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரிக்க ஒரு நடுவர் குழு அமைந்தது. அவருடைய இடத்தில் தற்காலிகமாக அமர்ந்தவரே அந்தக் குழுவுக்கும் தலைவரானார்.

ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அவசரமாகக் கூடி, நடுவர் குழு தன் அறிக்கையை அனுப்பக் கூடாது என்று தற்காலிகத் தடை விதித்தார்கள். அந்த ஐவருமே சில நாட்களில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் பினாங்கில் பிறந்த டான்ஸ்ரீ யூசோஃப் அப்துல்காதிர். இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். சட்ட ஞானத்தில் பெயர் பெற்றவர். ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஐவரில் டான்ஸ்ரீ வான் சுலைமான், டத்தோ ஜார்ஜ் சியா ஆகிய இருவரும் நீக்கப்பட்டார்கள். யூசோஃப் உள்ளிட்ட மூவர் பதவிக்குத் திரும்பினார்கள்.

இருபது வருஷம் கழித்து, 2008-ல் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவியின் அரசாங்கம் அந்த ஆறு நீதிபதிகளுக்கும் நல்லெண்ணத் தொகை வழங்குவதாக அறிவித்தது. போன வேலையை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய நீதிபதிகள் ஆறு பேருக்கு நேர்ந்ததை மற்ற நீதிபதிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலும் ஒருவனை நிறுத்தி வேலையை விட்டு விலக்கினால், மற்றவர்கள் அன்றைக்கு எப்படித் தலை குனிந்து மரம் வெட்டப் போவார்கள்? அப்படித்தான். ஒருவரை நீக்கினால் நூறு பேருக்குப் பயம் வரும். பயந்த நீதிபதியிடம் பயந்த தொழிலாளி போய் நின்றால், அங்கே கம்பெனிதான் தைரியமாக நிற்கும்.

சட்டத்தில் எடுத்ததும் திரும்பியதும்

அதே 1988-ல் இன்னொரு காரியமும் நடந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 121-ஆவது விதியில், நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்று சொன்ன வாசகம் எடுக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் நீதிமன்றங்களுக்கு என்ற பொருளில் அது மாற்றி எழுதப்பட்டது. சாதாரண ஜனங்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

ஏறத்தாழ முப்பது வருஷம் சென்ற பிறகு இரண்டு தீர்ப்புகள் வந்தன. 2017-ல் செமினி ஜெயா வழக்கு. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு எவ்வளவு என்பதை நீதிபதியோடு அமரும் மதிப்பீட்டாளர்களே முடிவு செய்யும்படி நிலச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அது செல்லாது, தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை, அதை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது 2018 ஜனவரியில் வந்த தீர்ப்பு. ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை அறியாத தமிழர் வீடு இருக்க முடியாது. அவருடைய மூன்று பிள்ளைகளும் 2009-ல் தாயின் சம்மதமில்லாமல் மதம் மாற்றிப் பதிவு செய்யப்பட்டார்கள். ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பதிவு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். உயர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைச் சட்டத் திருத்தத்தால் பறித்துவிட முடியாது என்றும் உறுதியாகச் சொன்னார்கள். இந்த இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் டான்ஸ்ரீ சைனுன் அலி என்ற பெண் நீதிபதி. தோட்டத் தமிழச்சியைப் போன்ற ஒரு தாய்க்காக, நாட்டின் உச்ச நீதிமன்றம் அதிகாரிகள் செய்த பதிவை ரத்துச் செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் கடைசி மகளைத் தேடி அந்தத் தாய் அலைய வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் கையில். அதை நிறைவேற்றுவது மற்றவர்கள் கையில்.

நீதிபதிக்கு என்னென்ன பாதுகாப்பு?

உயர் நீதிமன்றம் முதற்கொண்டு மேலே உள்ள நீதிபதிகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. 66 வயது வரை பதவியில் இருக்கலாம். நினைத்தபோது நீக்க முடியாது. தகுதியுள்ள நடுவர் குழு விசாரித்துப் பரிந்துரைக்க வேண்டும். பதவியேற்ற பிறகு அவர்களுடைய சம்பளத்தைக் குறைக்க முடியாது. நாடாளுமன்றத்திலும் ஒரு நீதிபதியின் நடத்தையைப் பற்றி யாரும் சும்மா எழுந்து பேசிவிட முடியாது. நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானம் வேண்டும்.

"நமக்கு இல்லாத சலுகையெல்லாம் அவங்களுக்கு ஏன்?" என்று கேட்கலாம். இது நீதிபதியின் சுகத்துக்காகக் கொடுத்ததல்ல. அவர் முன்னால் நிற்கிற ஏழைக்காகக் கொடுத்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லாத ஒருவரால்தான், நம் வேலையைப் பறித்தவனைப் பார்த்து "நீ செய்தது தவறு" என்று சொல்ல முடியும்.

நியமனத்திலும் ஒரு மாற்றம் வந்தது. 2009-ல் நீதிபதிகள் நியமன ஆணையம் சட்டப்படி ஏற்பட்டது. ஒன்பது உறுப்பினர்கள் தகுதியானவர்களைத் தேர்ந்து பிரதமருக்குப் பரிந்துரை செய்வார்கள். ஆனால் அந்த ஒன்பதில் ஐவரை நியமிப்பவர் பிரதமர்தான். பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்து, பேரரசர் நியமனம் செய்கிறார். இது போதாது, பிரதமரின் கையைத் தூர வைக்க வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றம் வாதிட்டு வருகிறது. 2025 ஜூலையில் தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுன் ஓய்வு பெற்று, அடுத்தவர் யாரென்று தெரியாமல் இருந்த நாட்களில், வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டோடு புத்ராஜெயாவில் நீதிமன்றத்திலிருந்து பிரதமர் அலுவலகம் வரை நடந்தார்கள். கோரிக்கைக்காக நடப்பது நமக்கு மட்டும் சொந்தமான காரியமல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது.

அமைச்சர் கையிலிருந்த சாவி

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். தொழிலாளிக்கு நெருக்கமான நீதிமன்றம் தொழில் நீதிமன்றம். இது 1967-ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பினாங்கிலும் அதற்குக் கிளை உண்டு. சட்டத்தின் சிக்கலான நுணுக்கங்களைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மையையும் பார்த்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டமே அதற்குச் சொல்லியிருக்கிறது. அங்கே தொழிற்சங்க அதிகாரி உங்களுக்காகப் பேசலாம்.

ஆனால் பல காலமாக அந்த நீதிமன்றத்தின் கதவுக்கு ஒரு பூட்டு இருந்தது. வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி புகார் கொடுப்பார். தொழில் உறவு இலாகாவில் சமரசப் பேச்சு நடக்கும். பேச்சு முறிந்தால் வழக்கு நேரே நீதிமன்றத்துக்குப் போகாது. அமைச்சரின் மேசைக்குப் போகும். அவர் பொருத்தமென்று நினைத்தால் அனுப்புவார். இல்லையென்றால் "அனுப்ப முடியாது" என்று ஒரு கடிதம் வரும். நீதிபதியின் முகத்தைப் பார்க்காமலே எத்தனையோ பேர் கதை முடிந்து போனது. அந்தக் கடிதத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போவதற்குச் செலவழிக்க யாரிடம் காசு இருந்தது?

2021 ஜனவரி 1 முதல் அந்தச் சாவி அமைச்சர் கையில் இல்லை. சமரசம் முறிந்தால் தொழில் உறவு இலாகாவின் தலைமை இயக்குநர் வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். தொழில் நீதிமன்றத் தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடும் செய்யலாம். தோட்டத்தில் இதைக் கொண்டாடி யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. வெடித்திருக்க வேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். தொழில் நீதிமன்றத்தில் அமர்கிறவருக்கும், தொழிலாளர் இலாகாவில் சம்பள வழக்கை விசாரிக்கிற அதிகாரிக்கும், நான் மேலே சொன்ன அரசியலமைப்புப் பாதுகாப்பு கிடையாது. அவர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் அவர்களுக்கு மேலே பயமில்லாத ஓர் உயர் நீதிமன்றம் இருந்தால்தான் கீழே நடப்பதும் ஒழுங்காக நடக்கும். மேல்மரத்து நிழல் இல்லாவிட்டால் நாற்றுமேடை காய்ந்து போகும்.

அறுபது நாள்: கை விரலில் எண்ணுங்கள்

சட்டம் நமக்குக் கொடுத்ததை நாமே தவற விடுவதுதான் பெரிய வேதனை. ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். திடீரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டேன். "மூணு மாசம் ஆச்சு தலைவரே. பெரிய ஆளு ஒருத்தரு கம்பெனியில பேசுறேன்னு சொன்னாரு. அதான் காத்திருந்தேன்" என்றார்.

வேலை நீக்கத்தை எதிர்த்து மீண்டும் வேலை கேட்கும் மனுவை 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் கதவு அடைத்துவிடும். இந்த விஷயத்தில் காலக்கெடு கட்டாயமானது என்று கூட்டரசு நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சகோதரருக்கு வழக்கு இருந்தது, நியாயமும் இருந்தது, நாள்தான் இல்லை. பேசுகிறேன் என்று சொன்ன பெரிய ஆளுக்கு இதனால் ஒரு காசு நஷ்டமில்லை.

ஆகவே, கீழே உள்ளதை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வேலையை விட்டு நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து எண்ணி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. சமரசப் பேச்சுக்கு வக்கீல் வர முடியாது. சங்க அதிகாரி வரலாம். மிரட்டி ராஜினாமாக் கடிதம் வாங்கினாலும் அது வேலை நீக்கம்தான் என்று வாதாட இடம் உண்டு.

சம்பளப் பாக்கி, ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம், ஆட்குறைப்புத் தொகை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே நடக்கும் விசாரணையைத்தான் தொழிலாளர் நீதிமன்றம் என்கிறோம். அதன் உத்தரவைக் கம்பெனி மதிக்காவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்ற வழியுண்டு.

தோட்டத்தை விற்று ஆட்குறைப்புச் செய்தால், 1980-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். "பாத்துப் போட்டுக் குடுக்கிறோம்" என்பது கணக்கல்ல.

சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், கம்பெனி கொடுத்த ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். நீதிபதி எவ்வளவு நல்லவராயிருந்தாலும் தாள் இல்லாத வழக்கை அவரால் தூக்கி நிறுத்த முடியாது. பிராய் ஃபேக்டரிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

புவா பாலா சொல்லும் பாடம்

நீதிமன்றம் சுதந்திரமாக இருந்தால் நாம் எப்போதும் ஜெயிப்போம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்.

பினாங்குத் தீவின் குளுகோர் பக்கத்தில் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமம் இருந்தது. பிரௌன் குடும்பத்தாரின் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள் மாடு கன்றுகளோடு அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். நிலம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கும் வீடமைப்புத் திட்டத்துக்கும் போனது. கிராமத்தார் படியேறினார்கள். 2008-ல் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் காற்று வீசியது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்கு வழி பிறக்கவில்லை. அந்த ஆண்டே வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீடு கொடுக்கும் ஏற்பாடு பேசப்பட்டது. ஏற்றவர்களும் உண்டு, மனம் ஆறாதவர்களும் உண்டு.

நிலப் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பக்கமே நம் நாட்டு நிலச் சட்டம் சாய்ந்திருக்கிறது. மூன்று தலைமுறை வியர்வைக்கு அதில் பத்தி கிடையாது. சட்டம் அப்படியிருக்கையில் நேர்மையான நீதிபதியாலும் ஓரளவுக்கு மேல் வளைய முடியாது. ஆகவே நீதிமன்றத்தைச் சுதந்திரமாக வைத்திருப்பது ஒரு வேலை. சட்டத்தையே நமக்குச் சாதகமாக மாற்ற வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு நாட்டு மக்கள் எல்லாரும் காவல் நிற்க வேண்டும். இரண்டாவது வேலைக்குத்தான் தொழிற்சங்கமும் வாக்குச் சீட்டும். அமைச்சர் கையிலிருந்த சாவியை எடுத்ததும் சட்டத்தை மாற்றித்தானே?

நமக்காக ஒருவர் பேசினால்...

கடைசியாக, கசப்பான ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு நீதிமன்றத்தின் சுதந்திரத்தைவிட, நீதிமன்றத்தில் "நம்ம ஆளு" இருக்கிறாரா என்பதில்தான் அக்கறை. வழக்கு என்று வந்தால், "அந்த ஜட்ஜைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்பதே முதல் கேள்வி. வட்டாரத் தலைவரிடம் கடிதம் வாங்கித் தாருங்கள் என்று சங்க அலுவலகத்துக்கே வருகிறார்கள்.

சற்று யோசியுங்கள். நமக்காக ஒருவர் போன் செய்து பேசக்கூடிய நீதிபதி என்றால், கம்பெனிக்காகவும் ஒருவர் பேசலாமல்லவா? நமக்குத் தெரிந்த ஆள் வட்டாரத் தலைவர். கம்பெனிக்குத் தெரிந்த ஆள் அவரைவிட எத்தனையோ படி மேலே இருப்பவர். சிபாரிசுப் போட்டியில் தொழிலாளி என்றைக்கும் ஜெயித்ததில்லை. யாருடைய போனையும் எடுக்காத நீதிபதிதான் நமக்கு வேண்டும். அந்த இடம் ஒன்றில்தான் மரம் வெட்டுகிறவரும் தோட்ட முதலாளியும் ஒரே உயரத்தில் நிற்க முடியும்.

செபராங் ஜெயாவில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நீதிபதி சுதந்திரமாக இருந்தால் மரத்தில் பால் கூட வடியாது. ஆனால் வடிந்த பாலுக்குரிய கூலி உங்கள் கைக்கு வந்து சேரும். வராவிட்டால் கேட்க ஓர் இடம் இருக்கும்.

வருகிற ஜனவரியில் சட்ட ஆண்டு விழாப் படம் பத்திரிகையில் வரும்போது பக்கத்தைப் புரட்டாதீர்கள். என்ன பேசினார்கள் என்று படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள். நீதிபதியின் நாற்காலி ஆடினால் நம் வேலையும் சேர்ந்து ஆடும் என்பதை லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு எடுத்துச் சொல்லுங்கள். அந்த அறுபது நாள் கணக்கையும் மறக்காமல் சொல்லுங்கள்.